ரோமா மக்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய நாட்டைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 8-ஆம் நாளையொட்டித் தமிழ் இதழ்களில், ஐரோப்பாவில் 'ஜிப்சிகள்' என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களைப் பற்றிய கட்டுரைகள் வெளியாவது வழக்கம். 1971-இல் இலண்டனுக்கு அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாட்டின் நினைவாகக் கொண்டாடப்படும் நாள் அது. நமக்கு நேரடித் தொடர்பில்லாத ஒரு சிறுபான்மை இனத்துக்குத் தமிழ் இதழ்கள் இடம் ஒதுக்குவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நான் படித்தவற்றுள் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே தடத்தில்தான் செல்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வட இந்தியாவை விட்டுப் புறப்பட்ட கூட்டம், அவர்களுடைய மொழியில் இன்னும் எஞ்சியிருக்கும் இந்தியச் சொற்கள், கொடியின் நடுவிலுள்ள சக்கரம், வயலின், நடனம், குதிரை வண்டி என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அவர்கள் இன்று எந்த நாட்டின் குடிமக்கள், அந்நாட்டு அரசோடு அவர்களுக்கு உள்ள வழக்கு என்ன என்ற கேள்விக்கு அவற்றில் விடை இருப்பதில்லை. வழக்கறிஞர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகளை விரும்பிப் படித்துவருபவன் என்ற முறையில், அந்த விடுபட்ட பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

ரோமா மக்கள் பல நாடுகளில் வாழ்கிறார்கள். எல்லா நாடுகளையும் ஒரே கடிதத்தில் பேசினால் எதையும் பேசாததாகிவிடும் என்பதால், செக் குடியரசை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கோடியைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட அந்த நாட்டில் ரோமா மக்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருப்பார்கள் என்பது அரசே ஏற்றுக்கொள்ளும் மதிப்பீடு. ஆனால் தம்மை ரோமா என்று பதிவு செய்துகொண்டவர்கள் 1991 கணக்கெடுப்பில் 32,903 பேர். 2001-இல் 11,746 பேர் மட்டுமே. அதற்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை ஓரளவு கூடியிருந்தாலும் மதிப்பீட்டுக்கு அருகில்கூட வரவில்லை. இந்த இடைவெளியை அறியாமை என்றோ அக்கறையின்மை என்றோ ஒதுக்கிவிட முடியாது. அந்த நாட்டில் ரோமா மக்களின் பெயர்ப் பட்டியல் எதற்காகவெல்லாம் பயன்பட்டது என்பதை அறிந்தவர்கள், கணக்கெடுப்பு அலுவலரிடம் அவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று வியக்க மாட்டார்கள்.

1927-இல், செக், ஸ்லோவாக் பகுதிகள் செக்கோஸ்லோவாக்கியா என்ற ஒரே நாடாகவும் மசாரிக் அதன் குடியரசுத் தலைவராகவும் இருந்த மக்களாட்சிக் காலத்தில், 'அலைந்து திரியும் ஜிப்சிகள்' குறித்து ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அலைந்து திரிபவராகக் கருதப்பட்ட, 14 வயது நிரம்பிய ரோமா ஒவ்வொருவரும் தனியான அடையாள அட்டை ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதில் பெயர், அங்க அடையாளங்கள் ஆகியவற்றோடு விரல் ரேகைகளும் பதிக்கப்பட்டிருந்தன. ஓர் ஊரில் வண்டியை நிறுத்தி இரவு தங்குவதற்குக்கூட ஊராட்சித் தலைவரின் அனுமதி வேண்டும். குற்றமேதும் செய்யாத குடிமகனிடம் விரல் ரேகை வாங்கியது நாஜி ஆட்சி வருவதற்கு முன்பே, ஐரோப்பாவின் முன்மாதிரி மக்களாட்சிகளுள் ஒன்று எனப் பேசப்பட்ட நாட்டில் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் ஜெர்மானியர் தலையில் போட்டுவிட்டு நகரும் பழக்கம் அங்கும் உண்டு.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது 1942 ஆகஸ்ட் 2-ஆம் நாள் போலீசார் ரோமா மக்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தார்கள். பழைய அட்டைகளும் பதிவேடுகளும் கைவசம் இருந்ததால் அந்த வேலை எளிதாயிற்று. அதே மாதம் நாட்டின் மேற்குப் பகுதியான போஹீமியாவின் தெற்கில் லெட்டி என்ற சிற்றூருக்கு அருகிலும், கிழக்குப் பகுதியான மொராவியாவில் ஹொடோனின் என்ற இடத்திலும் ரோமா மக்களுக்கென்றே தனி முகாம்கள் செயல்படத் தொடங்கின. லெட்டி முகாமில் சுமார் 1,300 பேர் அடைக்கப்பட்டார்கள். குளிர், பட்டினி, நச்சுக் காய்ச்சல் ஆகியவற்றால் 300-க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். எஞ்சியவர்களுள் 500-க்கும் மேற்பட்டோர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். முகாமின் காவலர்கள் செக் நாட்டவர்கள். போர் முடிந்தபோது போஹீமியா, மொராவியா பகுதிகளின் பழைய ரோமா சமூகத்தில் உயிரோடு திரும்பியவர்கள் ஏறத்தாழ 600 பேர். ஒரு சமூகமே அநேகமாக இல்லாமற்போயிற்று.

அப்படியானால் இன்றைய இரண்டு லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? போருக்குப் பின் ஜெர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டதால் காலியாகிக் கிடந்த எல்லைப்புற நகரங்களுக்கும், நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகாலைகளும் நிறைந்த ஓஸ்ட்ராவா போன்ற தொழில் நகரங்களுக்கும் ஸ்லோவாக்கியாவின் சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கான ரோமா குடும்பங்கள் கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்டன. இன்றுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. அவர்கள் நாடோடிகள் அல்லர். ஸ்லோவாக்கியாவிலேயே பல தலைமுறைகளாக நிலையாகக் குடியிருந்தவர்கள். ஆனாலும் 1958-இல் கம்யூனிஸ்ட் அரசு நாடோடிகளை நிலையாகக் குடியமர்த்தும் சட்டத்தைக் கொண்டுவந்து, 1959 பிப்ரவரியில் மறுபடியும் பட்டியல் எடுத்தது. குதிரைகள் பறிக்கப்பட்டன, வண்டிகளின் சக்கரங்கள் கழற்றப்பட்டன. அந்தப் பட்டியலில் வண்டியையே பார்த்திராத குடும்பங்களும் இடம்பெற்றன. ரோமா ஒரு தேசிய இனம் என்பதை அந்த அரசு ஏற்கவே இல்லை. 1969-இல் அனுமதிக்கப்பட்ட ரோமா சங்கமும் நான்கே ஆண்டுகளில் கலைக்கப்பட்டது.

செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்த கதை நம் இதழ்களில் 'இரத்தம் சிந்தாத பிரிவினை' என்று புகழப்படுவதுண்டு. 1993-இல் செக் குடியரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தைப் படித்தால் அந்தப் புகழ்ச்சி சற்றே குறையும். கூட்டாட்சிக் காலப் பதிவுகளின்படி 'ஸ்லோவாக்' என்று குறிக்கப்பட்டிருந்தவர்கள், செக் மண்ணிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஐந்தாண்டுக் காலம் எந்தக் குற்றத் தண்டனையும் பெற்றிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சட்டத்தின் வாசகத்தில் ரோமா என்ற சொல்லே கிடையாது. ஆனால் அந்தச் சல்லடையில் சிக்கியவர்கள் பெரும்பாலும் யார் என்பதை, இதுவரை சொன்ன வரலாற்றிலிருந்தே ஊகித்துவிடலாம். நாட்டின் எஃகாலையில் கால் நூற்றாண்டு உழைத்தவர் பிறந்த ஊரிலேயே அயல்நாட்டவரானார். பன்னாட்டு அமைப்புகளின் கண்டனத்துக்குப் பின் 1996-இலும் 1999-இலும் சட்டம் தளர்த்தப்பட்டது.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்த பள்ளி வழக்குக்கு வருகிறேன். 'டி.எச். மற்றும் பிறர் எதிர் செக் குடியரசு' என்பது அதன் பெயர். ஓஸ்ட்ராவா நகரைச் சேர்ந்த 18 ரோமா பிள்ளைகள் 1996-க்கும் 1999-க்கும் இடையில் 'சிறப்புப் பள்ளி'களில் சேர்க்கப்பட்டார்கள். சிறப்பு என்றதும் உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கென்று குறைந்த பாடத்திட்டத்தோடு நடத்தப்பட்ட பள்ளிகள் அவை. அங்கே படித்து முடித்தவருக்குச் சாதாரண மேல்நிலைப் படிப்பின் கதவு அநேகமாக மூடியே இருக்கும்; கைத்தொழில் பயிற்சிக்குப் போகலாம், அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை அங்கே போய்ச் சேரும் முறையைக் கவனியுங்கள். உளவியல் மையத்தில் ஒரு தேர்வு வைக்கப்படும். அந்தத் தேர்வு பெரும்பான்மைச் செக் பிள்ளைகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. வீட்டில் ரோமா மக்களின் மொழியான ரோமானியோ அதன் சாயல் படிந்த செக் பேச்சோ பேசி வளர்ந்த ஆறு வயதுப் பிள்ளை அதில் குறைந்த மதிப்பெண் வாங்குவதில் வியப்பில்லை. மையம் பரிந்துரைக்கும், தலைமையாசிரியர் முடிவெடுப்பார், பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து ஒன்று வேண்டும். அந்த ஒப்புதலுக்கான படிவம் முன்கூட்டியே நிரப்பப்பட்டுத் தயாராக இருக்கும். சாதாரணப் பள்ளியில் கூடுதல் உதவியோடு படிக்க வழி உண்டா, இந்தப் பாடத்திட்டம் எந்த வகையில் வேறுபட்டது, பின்னால் என்ன ஆகும் என்பவற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. தாயோ தந்தையோ கீழே கையெழுத்திட்டால் பிள்ளையின் எதிர்காலம் அங்கேயே தீர்மானமாகிவிடும். ஒரு வழக்கறிஞன் தன் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ முத்திரைத்தாள்களைப் பார்த்திருப்பான்; கையெழுத்திட்டவருக்கு இவ்வளவு குறைவாகச் சொல்லி அவரிடமிருந்து இவ்வளவு அதிகமாகப் பறிக்கும் தாள் அரிது.

நகரின் பள்ளிகளில் ரோமா பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு அரசிடம் இல்லை; ரோமா யார் என்று தெரியாது என்பது அதற்கு அரசின் விளக்கம். வழக்குத் தொடுத்த தரப்பினர், புடாபெஸ்ட்டில் இருந்து இயங்கிய ஐரோப்பிய ரோமா உரிமை மையத்தின் துணையோடு, ஓஸ்ட்ராவாவின் தலைமையாசிரியர்களிடம் வினாத்தாள் மூலம் கேட்டுத் தாங்களே கணக்கைத் திரட்டினார்கள். அந்தக் கணக்கு இதுதான்: நகரின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் ரோமா பிள்ளைகள் 2.26 விழுக்காடு, சிறப்புப் பள்ளிகளிலோ பாதிக்கு மேல் அவர்களே. ரோமா அல்லாத பிள்ளைகளில் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள் 1.8 விழுக்காடு, ரோமா பிள்ளைகளில் 50.3 விழுக்காடு. ஓர் இனத்தின் பிள்ளைகளில் சரிபாதிப் பேர் அறிவுக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள் என்பதை எந்த மருத்துவர் ஒப்புக்கொள்வார்?

உள்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 1999-இல் வழக்கைத் தள்ளிவிட்டது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றத்தின் சிறு அமர்வும் 2006-இல் உரிமை மீறல் ஏதும் இல்லை என்றது. மேல்முறையீட்டில் பெரு அமர்வு 2007 நவம்பர் 13-ஆம் நாள் 13-க்கு 4 என்ற கணக்கில் அதை மாற்றித் தீர்ப்பளித்தது. ஒரு நடைமுறை நடுநிலையான சொற்களில் எழுதப்பட்டிருந்தாலும், அதன் விளைவு ஓர் இனத்தின் மீது மட்டும் அளவுக்கு மீறிப் பாதகமாக விழுமானால் அது மறைமுகப் பாகுபாடே. அதைப் புள்ளிவிவரத்தாலும் நிறுவலாம். அதிகாரிகளின் உள்நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றது. பெற்றோர் கையெழுத்திட்டார்களே என்ற அரசின் வாதத்துக்கு, இனப் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை யாரும் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று விடையளித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 4,000 யூரோ இழப்பீடு கிடைத்தது. அதற்குள் அவர்கள் பள்ளி வயதைக் கடந்திருந்தார்கள்.

மாறுபட்ட தீர்ப்புகளையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஸ்பெயின் நாட்டு நீதிபதி போரேகோ போரேகோ, பெரும்பான்மைத் தீர்ப்பு ரோமா பெற்றோர் எல்லாரையும் தம் பிள்ளைகளின் நலன் அறியாதவர்களாகச் சித்திரித்து அவமதிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். முடிவில் நான் அவரோடு உடன்படவில்லை என்றாலும், அவர் தொட்ட இடம் உண்மையானது. அந்தப் பெற்றோர்களில் பலர் தெரிந்தேதான் கையெழுத்திட்டார்கள். மூத்த பிள்ளை அங்கே படிக்கிறது. சாதாரணப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள், ஆசிரியர் கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்து மறந்துவிடுவார். இங்கே குறைந்தபட்சம் தம்மைப் போன்றவர்களோடு இருக்கும் என்று எண்ணினார்கள். அந்த எண்ணத்தில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மோசமான வழிகளில் குறைவாக வலிப்பதைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பார்த்து, 'நீங்களே விரும்பித்தானே வந்தீர்கள்' என்று அரசு கேட்டதுதான் தவறு.

தீர்ப்புக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் நடந்தது குறைவு. 'சிறப்புப் பள்ளி' என்ற பெயரைத் தீர்ப்பு வருவதற்கு முன்பே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டடங்களும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படியே இருந்தார்கள். 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இன சமத்துவ விதிகளை மீறியதாகச் செக் அரசின் மீது நடவடிக்கை தொடங்கிய பிறகே, 2016-இல் லேசான அறிவுக் குறைபாட்டுக்கான தனிப் பாடத்திட்டம் நீக்கப்பட்டது. இதில் சில ஆசிரியர்களின் உழைப்பு மெய்யானது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ரோமா பிள்ளைகள் பெருமளவில் சேர்ந்த சாதாரணப் பள்ளியிலிருந்து மற்ற பெற்றோர் தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுவதால், ஒரு பகுதிப் பள்ளிகள் தனி இனப் பள்ளிகளாகவே மாறிவருகின்றன. தீர்ப்பு வந்து 15 ஆண்டுகள் கடந்தும் அதன் நிறைவேற்றத்தை, அந்த நீதிமன்றம் சார்ந்துள்ள ஐரோப்பிய அவையின் அமைச்சர் குழு கண்காணித்துக்கொண்டே இருந்தது.

ரோமா யார் என்று தெரியாததால் கணக்கில்லை என்ற அரசின் விளக்கத்தை நான் ஏற்கத் தயங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1999-இல் உஸ்தி நாட் லாபெம் நகரில் மாட்டிச்னி என்ற தெருவில், ரோமா குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்புக்கும் எதிர்வரிசை வீடுகளுக்கும் நடுவே நகராட்சி ஒரு சுவரை எழுப்பியது. உலகம் முழுவதும் கண்டனம் எழுந்து ஆறு வாரத்தில் அது இடிக்கப்பட்டது. சுவரை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதில் நகராட்சிக்கு ஐயமே ஏற்படவில்லை. 2001-இல் புகலிடம் கோருவோரைத் தடுப்பதற்காகப் பிரிட்டிஷ் குடிவரவு அதிகாரிகள் செக் அரசின் இசைவோடு பிராக் விமான நிலையத்திலேயே உட்கார்ந்து பயணிகளைச் சோதித்தார்கள். ரோமா பயணி திருப்பி அனுப்பப்படுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 400 மடங்கு அதிகமாக இருந்தது என்பது அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் அவையில் எடுத்துக்காட்டப்பட்டது. 2004 டிசம்பரில் அந்த நடைமுறை இனப் பாகுபாடு என்று சட்டவிரோதமாக அறிவிக்கப்பட்டது. அங்கே யாரும் வினாத்தாள் கொடுத்து இனத்தைக் கேட்கவில்லை. வரிசையில் நிற்பவர் ரோமா என்பதை முகத்தைப் பார்த்தே அதிகாரிகள் கண்டுகொண்டார்கள். மறுப்பதற்கு என்று வரும்போது எல்லார் கண்ணுக்கும் தெரியும் ரோமா, கொடுப்பதற்கு என்று வரும்போது மட்டும் எந்தப் பதிவேட்டிலும் காணப்படுவதில்லை.

கையெழுத்து வாங்கும் வித்தை பள்ளியோடு நிற்கவில்லை. 1970-களின் தொடக்கத்திலிருந்து ரோமா பெண்களுக்குக் கருத்தடை செய்வது, சமூக நல அலுவலர்களின் நெருக்குதலோடும் ரொக்கத் தொகையின் ஆசைகாட்டலோடும் நடந்தது. பிரசவ வலியில் இருந்தபோதோ அறுவை மேசையிலோ நீட்டப்பட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்திட்டவர்கள் பலர். பின்னாளில் குடியரசுத் தலைவரான வாட்ஸ்லாவ் ஹாவெல் உள்ளிட்டோர் தொடங்கிய சாசனம் 77 என்ற மனித உரிமை இயக்கம் 1978-லேயே இதை வெளிப்படுத்தியது. கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த பிறகும் அது முழுமையாக நிற்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்வது இதைத்தான். ஓஸ்ட்ராவாவைச் சேர்ந்த எலெனா கொரோலோவா தமக்கு நேர்ந்ததை வெளியில் சொல்லி, தம்மைப் போன்ற பெண்களைத் திரட்டி, ஆண்டுக்கணக்கில் போராடினார். 2005-இல் குறைதீர்ப்பாளர் ஒட்டாக்கார் மோட்டெயில் அந்தப் பெண்களின் புகார்களை ஆராய்ந்து சட்டமீறலை உறுதி செய்தார். 2009-இல் அரசு வருத்தம் தெரிவித்தது. இழப்பீட்டுச் சட்டம் 2021-இல்தான் நிறைவேறியது: 1966-க்கும் 2012-க்கும் இடையில் சட்டவிரோதமாகக் கருத்தடை செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் செக் நாணயத்தில் 3,00,000 கொருனா. விண்ணப்பித்த பெண்களிடம் மருத்துவமனைக் கோப்பைக் கேட்டார்கள். பழைய கோப்புகள் பல மருத்துவமனைகளில் அழிக்கப்பட்டிருந்தன. கோப்பில்லை என்று பல விண்ணப்பங்களைச் சுகாதார அமைச்சகம் நிராகரித்தது. கோப்பைக் காத்திருக்க வேண்டிய கடமை யாருக்கு, அது இல்லாததன் சுமை யார் தலையில் என்பதைச் சட்டம் படிக்காதவர்கூடக் கேட்பார்.

லெட்டி முகாமைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகாம் இருந்த இடத்தின் மேலேயே 1970-களில் தொழில்முறைப் பன்றிப் பண்ணை ஒன்று கட்டப்பட்டது. 1995-இல் குடியரசுத் தலைவர் ஹாவெல் அருகிலேயே ஒரு நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்தார், பண்ணை அகலவில்லை. இறந்தவர்களின் பிள்ளைகள் ஆண்டுதோறும் மலர் வைக்க வரும்போது பண்ணையின் நாற்றம் காற்றில் வந்துகொண்டிருந்தது. 2005-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் பண்ணையை அகற்றக் கோரியது. 2016-இல்கூட அன்றைய நிதியமைச்சர் ஆந்திரே பாபிஷ், அது வதைமுகாம் அன்று, வேலை செய்யாதவர்களை அடைத்த இடம் என்ற பொருளில் பேசிவிட்டுப் பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பண்ணையை அரசு சுமார் 45 கோடி கொருனா கொடுத்து வாங்கியது 2018-இல்; இடிக்கத் தொடங்கியது 2022-இல்; புர்னோ நகரிலுள்ள ரோமா பண்பாட்டு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் நினைவகம் திறக்கப்பட்டது 2024-இல். லெட்டியில் அடைக்கப்பட்டிருந்த தாயின் மகனாகப் பிறந்து, இதற்காகக் கால் நூற்றாண்டு குரல் கொடுத்த ச்செனெக் ரூஷிச்கா, இடிப்பு வேலை தொடங்கியதைக் கண்டார். நினைவகம் திறக்கும்வரை அவர் உயிரோடு இல்லை.

இத்தனைக்கும் நடுவே, இந்தியப் பூர்வீகத்தைப் பற்றி நாம் எழுதுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். மொழியியல் சான்றுகளும் மரபணுச் சான்றுகளும் அதை உறுதி செய்கின்றன. ரோமா அறிஞர்களே அதைப் பெருமையோடு பேசுகிறார்கள். 2016 பிப்ரவரியில் புது தில்லியில் நடந்த பன்னாட்டு ரோமா மாநாட்டில் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அவர்களை இந்தியாவின் பிள்ளைகள் என்று அழைத்தார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் அதே பூர்வீகக் கதை வேறொரு கையில் என்னவாகும் என்பதற்கும் செக் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2009 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலின்போது தேசியக் கட்சி என்ற சிறிய தீவிர வலதுசாரிக் கட்சி, 'ஜிப்சிச் சிக்கலுக்கு இறுதித் தீர்வு' என்று, நாஜிகள் தம் இனப்படுகொலைக்கு இட்ட பெயரையே முழங்கும் விளம்பரத்தைத் தயாரித்தது. அரசுத் தொலைக்காட்சி அதை ஒளிபரப்புவதை நிறுத்திவிட்டது. இந்தியாவில் நிலம் வாங்கி ரோமா மக்களை அங்கே கொண்டுபோய்க் குடியேற்றலாம் என்பது அந்தக் கட்சி வெளியிட்ட திட்டம். நாம் உறவு கொண்டாடப் பயன்படுத்தும் கதையை அவர்கள் ஊரைவிட்டு விரட்டப் பயன்படுத்துகிறார்கள். ஓஸ்ட்ராவாவின் ஆறு வயதுப் பிள்ளைக்கு நம்மிடமிருந்து பூர்வீகச் சான்றிதழ் தேவையில்லை. அந்தத் தெருவில் உள்ள மற்றப் பிள்ளைகள் போகும் பள்ளியில் அதற்கும் ஓர் இடம் வேண்டும். அதை அது செக் குடிமகன் என்ற உரிமையில் கேட்கிறது.

செக் நாட்டின் மீது சேற்றை வாரி இறைப்பதும் என் நோக்கமன்று. தன் அரசின் தவற்றைத் தானே ஆராய்ந்து வெளியிடும் குறைதீர்ப்பாளரும், 1991-லேயே ரோமா வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகமும், அதே ஆண்டில் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மிலேனா ஹூப்ஷ்மன்னோவா தொடங்கிய ரோமானி மொழிப் படிப்பும் உள்ள நாடு அது. 2022 இறுதியில் ரோமா விவகாரங்களுக்கென அரசு ஆணையர் பதவி ஏற்படுத்தப்பட்டு, ரோமா இனத்தைச் சேர்ந்த லூசியே ஃபுக்கோவா அதில் அமர்த்தப்பட்டார். நான் மேலே எழுதியவற்றை எழுத முடிந்ததே அந்த நாட்டின் ஆவணங்கள் திறந்து கிடப்பதால்தான். இந்த நல்லவையும் நம் கட்டுரைகளில் வருவதில்லை என்பதும் என் குறையில் அடங்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் ஏப்ரலில் தங்கள் நாளிதழ் ரோமா மக்களைப் பற்றிக் கட்டுரை வெளியிடுமானால், செக் குடியரசோ ஸ்லோவாக்கியாவோ ஹங்கேரியோ ருமேனியாவோ, ஏதேனும் ஒரு நாட்டைத் தேர்ந்து, அந்த நாட்டின் பள்ளி, குடியிருப்பு, குடியுரிமைச் சட்டம், நீதிமன்றம் ஆகியவற்றின் ஊடாக அவர்களை அறிமுகப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். பயணக் கட்டுரையாளரைவிட, தீர்ப்பைப் படிக்கத் தெரிந்த செய்தியாளர் ஒருவரிடம் அதை ஒப்படைப்பது நல்லது. 2007 நவம்பர் 13 தீர்ப்பின் முதன்மைப் பத்திகளை மட்டுமாவது தமிழில் சுருக்கித் தருவதென்றால், அந்தப் பணியில் இயன்ற உதவியைச் செய்ய அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வழக்கறிஞன்